வைப்பாற்றங்கரையில் ஒரு புதன்கிழமை

1

இது ஒரு சுற்றுலாக் குறிப்பாகத்தான் தொடங்கியது. விடுமுறை மலர் ஒன்றுக்காக, சாத்தூர்ப் பக்கம் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். பசுமையாக, உற்சாகமாக, படத்துக்கு இடம் விட்டு எழுத வேண்டும். போனேன், பார்த்தேன், எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே உற்சாகம் தீர்ந்துவிட்டது. மலர் நான் இல்லாமலே வெளிவந்தது. கையில் மிஞ்சியதை இங்கே கதையாக்கிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "சலசலத்து ஓடும் வைப்பாற்றின் கரையில்..."

அடித்துவிட்டேன். வைப்பாறு சலசலப்பதில்லை. மழை முடிந்து சில காலம் நடுவில் முழங்காலளவு தண்ணீர் போகும். மற்றபடி சீமைக்கருவேலங்களுக்கு இடையே கிடக்கும் மணல்தான் ஆறு.

இரண்டாம் தொடக்கம்: "மண்ணைத் தெய்வமாக மதிக்கும் யோகேஸ்வரி, தோட்டத்துக்குள் யாரையும் செருப்போடு..."

இதுவும் போகட்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2

யோகேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். பல வருடம் பட்டாசு வேலைக்குப் போனவள். அதை விட்டுவிட்டு, கணவன் பாண்டியின் ஆற்றோரப் புன்செய்க் காட்டில் வெள்ளரியும் கத்தரியும் வெண்டையும் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் குடும்பங்கள் வரும். ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து, கொக்குகளை வேடிக்கை பார்த்து, பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டு, தாங்களே வெள்ளரி பறித்து விலைக்கு வாங்கிப் போவார்கள்.

வருகிறவர்கள் செருப்பை வரப்பிலேயே விட வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். எதையும் தரையில் இழுக்கக் கூடாது. நான் இதைப் பக்தி என்று குறித்துக்கொண்டேன். மண்ணில் கை வைத்துக் கும்பிட்டுக்கூடப் பார்த்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "என்ன சார், சாமி கும்பிடுறீக? வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்புப் போடக் கூடாதுல்ல, எதையும் தேய்க்கக் கூடாதுல்ல, அந்தப் பழக்கம். வேலைய விட்டும் விட மாட்டேங்குது."

[இந்த ஊரைப் பற்றிய கதை என்றதும், இந்த இடத்தில் ஒரு வெடிவிபத்து வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். வராது. அவள் ஏன் வேலையை விட்டாள் என்று கேட்டேன். "மருந்து வாடை" என்றாள். அதற்கு மேல் நான் இட்டுக்கட்டப் போவதில்லை.]

3

இந்தக் கதையில் நான் அதிகம் சந்தேகப்படும் பாத்திரம் மகேஷ்குமார். பட்டாசுக் கம்பெனி நடத்தும் குடும்பத்தின் இளையவர். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். "நம்ம ஊரு வெள்ளாமைய நாமதான் வாங்கணும்" என்று சொந்தக்காரர்களை வண்டி வண்டியாகக் கூட்டி வந்தவர்.

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, தனியாக வந்தார். வரப்பில் நின்று வெள்ளரியைக் கடித்தபடியே சொன்னார்.

"அக்கா, மேற்காலக் காட்ட நான் கிரயம் பண்ணியாச்சு."

"நல்லதா போச்சு தம்பி. என்ன போடப் போறீக, மக்காச்சோளமா?"

"ரூம் போடப் போறேன்க்கா."

ரூம் என்றால் இந்தப் பக்கத்தில் பட்டாசு செய்யும் சிறிய அறை. யோகேஸ்வரி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு சிக்கல்தான். பக்கத்துல ஆளு கூடுற எடம் இருந்தா லைசென்சு குடுக்க யோசிப்பாக. புதன்கெழம ஆபீசர் பாக்க வாராரு. கேட்டா, சொந்தக்காரங்க எப்பவாச்சும் வருவாகன்னு சொல்லிருங்க. கொட்டகையப் பிரிச்சுப் போட்ருங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"அது எதுக்குக்கா இனிமே? வெளையிறது அம்புட்டையும் கம்பெனியே எடுத்துக்கிடும். தீவாளி கிஃப்ட் பாக்ஸ்லகூட வெள்ளரி வைப்போம்."

"தீவாளிக்குள்ள அழுகிரும் தம்பி."

"சும்மா சொன்னேன்க்கா."

(அவரைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. தான் ஒரு விவசாயியைத் தூக்கிவிடுவதாகவே அவர் கடைசி வரை நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

4

சாயங்காலம் பாண்டி விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான்.

"ஆர்டர் வீடு தேடி வருது, இவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. ஏ யோகு, ஆத்துல தண்ணி வத்திட்டா ஒரு ஈ, காக்கா வருமா ஒன் தோட்டத்துக்கு?"

"வராது."

"அப்புறம் என்ன?"

"அந்த வாடை ஆகாமத்தான் இங்கன வந்தேன். அது பின்னாலயே வந்து பக்கத்துல உக்காந்தா, நான் எங்கன போக?"

அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஆபீசரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. ஆனால் காலிக் கொட்டகையைக் காட்டி, இங்கே ஆள் கூடும் என்று சொன்னால் யார் நம்புவார்? உண்மைக்கு ஆள் வேண்டும். அதுவும் புதன்கிழமை.

சாத்தூர் நசிமாவுக்குப் போன் போட்டாள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்து, தண்ணீரில் காலை விட்டபடி உட்கார்ந்திருப்பவள் நசிமா.

"புதன்கெழம வாறியா தாயி? புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு."

"புதன்கெழமையா? என்ன விசேஷம்க்கா, தோட்டத்துக்குக் காதுகுத்தா?"

யோகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அச்சு மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா... எங்க வீட்டுக்காரரு அச்சடிக்கிறதே அவுக கம்பெனி லேபிளுதான்க்கா."

"தெரியும்."

"ஞாயித்துக்கெழமைன்னா கண்ண மூடிக்கிட்டு வந்துருவேன்."

"ஞாயித்துக்கெழம ஆபீசர் வர மாட்டாரே, தாயி."

"பாக்குறேன்க்கா."

பிறகு மற்றவர்களுக்கும் போட்டாள். ஒருவருக்கு லோடு ஏற்ற வேண்டும். ஒருவர் பிள்ளைக்குப் பரீட்சை. ஒருவர் மகேஷ்குமாருக்குச் சித்தப்பா முறை. எல்லோரும் போன வாரத்து வெள்ளரி நன்றாக இருந்தது என்றார்கள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: எல்லோரும் வருகிறார்கள். கொட்டகை நிறைகிறது. ஆபீசர் ஒரு வெள்ளரியை வாங்கிக் கடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அழகாக இருந்தது. எழுதிய நானே நம்பவில்லை.

இரண்டு: யாரும் வரவில்லை. அடுத்த வருடம் மேற்கே ரூம்கள், நடுநடுவே வேப்பங்கன்றுகள். வெள்ளரி நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போகிறது. ஆற்றைப் பார்க்க ஆளில்லை. இதை நம்ப முடிகிறது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

மூன்று: நசிமா பஸ்ஸை விட்டு இறங்கி,

அதற்கு மேல் ஓடவில்லை. வந்தாலும் அவள் ஒருத்தி. ஒருத்தியைக் கூட்டம் என்று எந்த ஆபீசர் ஒத்துக்கொள்வார்?

ஆகவே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புதன்கிழமை காலை. யோகேஸ்வரி கொட்டகையைப் பிரிக்கவில்லை. கூட்டிப் பெருக்கிச் சாக்கு விரித்திருக்கிறாள். ஜீப் வந்து நிற்கிறது. பின்னாலேயே மகேஷ்குமாரின் காரும்.

"இங்க ஆளுக வந்து கூடுவாங்களாம்மா?"

"வருவாக சார்."

சொல்லிவிட்டுப் பாதையைப் பார்க்கிறாள். ஆபீசரும் பார்க்கிறார். அந்தப் பாதையில் யாரை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறாக இருந்திருந்தால் உங்களை இந்தக் கதைக்குள் இழுத்தே இருக்க மாட்டேன். ஆறு பிடிக்கும், நல்ல காய்கறி பிடிக்கும் என்றுதானே இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தீர்கள்? வேலை நாள்தான், எனக்கும் தெரியும்.

அவள் இன்னும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.