பிரேக் வேனின் பின்பக்கம்

இனிகோ முப்பத்தொரு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். இப்போது அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர். அவர் ஓய்வு பெற்ற பிறகு மாற்றினார்கள், அதனால் அந்தப் பெருமை அவருக்கு வாய்க்கவில்லை. மேனேஜர் என்று சொன்னாலும் உட்காரும் இடம் அதேதான். ஐம்பத்தெட்டு வேகனுக்குப் பின்னால், ரயிலின் வாலில், எலும்பைக் கழற்றிப் போடும் பிரேக் வேன்.

அப்படி ஒரு பிரேக் வேன்தான் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரல் நீளத்தில்.

மீளவிட்டான் பக்கம் அவருடைய வீட்டு முன்னறையில் சாப்பாட்டு மேசையையும் இரண்டு பிளைவுட் பலகைகளையும் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தண்டவாளம் ஓடியது. பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். மாடல் என்று சொல்ல வேண்டும். மேசை பறிபோனதால் அவருடைய மனைவி இசபெல்லா இரண்டு வருடமாகக் குசினியில் முக்காலி போட்டுச் சாப்பிடுகிறாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை. தட்டை வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இந்த ரயிலுக்கு இன்னொரு பங்குதாரர் உண்டு. டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார். எஞ்சின் அவர் வாங்கியது, நிலக்கரி வேகன்கள் இனிகோ வாங்கியவை. வேலை பார்த்த காலத்தில் இருவரும் ஒரே ரயிலில் பல நூறு தடவை போயிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் தலையில், ஒருவர் வாலில். நடுவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நிலக்கரி. புறப்படும் முன் முகம் பார்ப்பார்கள், போய்ச் சேர்ந்தபின் பார்ப்பார்கள். மற்றபடி எல்லாம் வாக்கிடாக்கியும் கொடியும்தான். அப்படியும் ஒரு சிநேகிதம் வளர்ந்தது என்றால், அது பேச்சு குறைவாக இருந்ததால்தானோ என்னவோ.

எஞ்சின் வந்து, பதினொரு வேகனும் சேர்ந்தபோது, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் இனிகோ. ஆறுமுகநயினார் ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை.

"வே, பின்னால என்ன இருக்கு?"

"வேகன்தான்."

"கார்டு எங்க? கார்டு பச்சைக்கொடி காட்டாம நான் ஒருநாளும் வண்டிய நகத்துனது இல்ல. இப்பவும் நகத்த மாட்டேன். மொதல்ல உம்ம வேனக் கொண்டாரும்."

சொன்னது நியாயம்தான். ரயிலின் கடைசியில், இதுதான் கடைசி வண்டி என்பதற்கு அடையாளமாக, எல்.வி. என்று எழுதிய சின்னப் பலகை தொங்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரயில் அறுபடாமல் முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பலகையை முப்பத்தொரு வருடம் தன் கையால் மாட்டியவரிடம் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று முதல் தேடத் தொடங்கினார். எஞ்சின் மாடல் செய்து விற்க ஆள் இருக்கிறது, பயணிகள் பெட்டிக்கு ஆள் இருக்கிறது. ரயிலின் வாலைத்தான் சீந்துவாரில்லை. ஒரு வழியாக இங்கிலாந்திலிருந்து, பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் கிட் ஒன்றை வரவழைத்தார். ஆறு வாரம் கழித்து வந்த பெட்டியைத் திறந்து, பொறுமையாக ஒட்டி, வேகனுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தால், அளவே வேறு. எல்லா வேகனையும்விடத் தலை உயர்ந்து நின்றது. போதாததற்குக் கூரையில் ஒரு புகைபோக்கி. அங்கே கார்டுகள் குளிர் காய வேனுக்குள் கணப்பு வைத்திருப்பார்களாம்.

ஆறுமுகநயினார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊரு வெயிலுக்கு அடுப்பும் போட்டுக்கிட்டா போகப் போறீரு?" என்றார். அன்று சிரித்ததுதான் அவர் கடைசியாக நன்றாகச் சிரித்தது. அடுத்த மாதம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. பார்த்துக்கொள்ள இங்கே ஆளில்லை. ஓசூரில் இருக்கும் மகன் வந்து கூட்டிப்போவதாக முடிவானது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார். அவர் திரும்பி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்குள் ரயில் ஒருமுறை ஓட வேண்டும். இனிகோவுக்கு இருந்த ஆசையெல்லாம் இது ஒன்றுதான்.

கோயம்புத்தூரில் சிவப்பிரகாஷ் என்று ஒருவர் த்ரீடி பிரிண்டில் பாகம் பாகமாக அடித்துக் கிட்டாக அனுப்புகிறார் என்று தெரிந்தது. "பிளான் அனுப்புங்க சார், மூணே நாள்ல அடிச்சுத் தந்துடறேன்" என்றார் அவர் போனில். ரயில் பித்தர்களின் இணையதளம் ஒன்றில் இனிகோவுக்குப் பிளானும் கிடைத்தது. ஆனால் பக்கவாட்டுத் தோற்றம் மட்டும். முன்னும் பின்னும் இருக்கும் வராந்தாவில் நின்று பார்த்தால் தெரியும் சுவர், கதவும் ஜன்னலும் இருக்கும் சுவர், அதற்குப் படமில்லை.

"அது என்ன பெரிய விசயம்? நான் வரைஞ்சு அனுப்புதேன்" என்றார் இனிகோ. கண்ணை மூடினால் போதும், அவருக்கு வேன் வந்துவிடும். இரும்பு நாற்காலி, கை பிரேக்கின் சக்கரம், தண்ணீர்க் கேன் வைக்கும் மூலை, நாற்காலிக்கு நேர் எதிரே வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் கதவு. அரை மணி நேரத்தில் அளவெல்லாம் போட்டு அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூரியர் வந்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் ஒட்டினார். அச்சு அசலாக, வேகன்களோடு ஒரே மட்டத்தில் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குசினியில் வேலையாக இருந்த இசபெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டியது அந்தச் சந்தோஷத்தில்தான்.

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"கதவு இந்தப் பக்கம் இல்லயே."

"எது?"

"கதவு. வலது பக்கம்லா இருக்கும்."

இனிகோவுக்குச் சுருக்கென்றது. "ஏளா, முப்பத்தொரு வருசம் அதுக்குள்ள கெடந்தது நானா நீயா?"

"நீங்கதான். உள்ள கெடந்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் வெளிய நின்னு பாத்தேன். கதவுல உங்க பச்சத் துண்டக் காயப் போட்டிருப்பீங்க. வண்டி நம்ம வீட்டுக்குப் பின்னால போகையில அது வலது பக்கமாத்தான் ஆடிக்கிட்டே போகும். வளைவு திரும்புற வரைக்கும் தெரியும்."

இனிகோ எழுந்தார். மெதுவாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வேனுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். கதவு. பிறகு எழுந்து, அந்தக் கதவுக்கு வெளியே போனவர்போல் நாலடி நடந்து, திரும்பி நின்றார். கதவு வலது கைக்கு வந்திருந்தது.

உள்ளே இருந்து பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறார். வெளியே இருந்து அந்த வேனை ஓடும்போது பார்க்க அவருக்கு எப்போது நேரம் இருந்தது? ரயில் போகும்போதெல்லாம் அவர் அதற்குள் இருந்தார்.

"நீ நின்னது எனக்குத் தெரியாதே" என்றார்.

"நீங்க தலைய வெளிய நீட்டி முன்னால வண்டியப் பாப்பீங்க. அதுதான உங்க வேல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆறுமுகநயினார் டிரைவர், அவருக்கு வித்தியாசம் தெரியாது, இப்படியே விட்டுவிடலாம். அந்த நினைப்பும் ஒரு நொடி வந்து போனது. ஆனால் இசபெல்லாவுக்குத் தெரியும். அவள் பார்த்த வேன் இதுவல்ல. மறுபடி அடிக்க மூன்று நாள், கூரியருக்கு ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இருந்ததோ சனிக்கிழமை ஒன்றுதான். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இசபெல்லா வேனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இந்தச் சுவரு தனியாத்தான ஒட்டிருக்கு?"

"ஆமா."

"சட்டைய உள்பக்கம் வெளிய வாரமாதிரிப் போட்டா என்ன செய்வோம்? கழத்தித் திருப்பிப் போடுவோம். அத மாதிரி இதப் பேத்து, உள்பக்கத்த வெளிய திருப்பி வச்சா கதவு தானா இந்தப் பக்கம் வந்துருமே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாள் இவளைக் குசினியில் உட்கார வைத்தோமே என்று முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

மீன் அரியும் கத்திகளில் மெல்லியதாக ஒன்றை அவளே கொண்டுவந்தாள். சுவரின் ஓரத்தில் அதை விட்டு நெம்பியதும் அவள்தான். இரண்டு சுவரும் உடையாமல் பெயர்ந்து வந்தன. திருப்பி ஒட்டினார்கள். வெளியே வந்த உள்பக்கம் மொட்டையாக இருந்ததால், சனிக்கிழமை முழுவதும் அவர் ஊசியால் பலகைக்கோடுகளைக் கீறி, கம்பித் துணுக்கில் கைப்பிடி வைத்து, வர்ணம் அடித்தார். எல்.வி. பலகையை மாட்டினார். கடைசியாக இசபெல்லா ரவிக்கைத் துணியில் நகக்கண் அளவு பச்சை வெட்டிக் கதவில் ஒட்டினாள்.

ஞாயிறு காலை மகன் கைத்தாங்கலாக ஆறுமுகநயினாரை அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தான். ஆள் பாதியாகியிருந்தார். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலின் வால்வரை ஒருமுறை பார்த்தார்.

"கார்டு வந்துட்டாரா?"

இனிகோ பழைய பச்சைக்கொடியை எடுத்து, மேசையின் அந்தக் கோடியில் நின்று, முறைப்படி காட்டினார். ஆறுமுகநயினார் பதிலுக்குக் கையை உயர்த்தினார். எஞ்சின் முனகியது. பதினொரு வேகனும் ஒன்றை ஒன்று இழுத்து நகர்ந்தன. இனிகோ கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்து இசபெல்லாவுக்குப் பக்கத்தில், ரயிலுக்குப் பின்னால் நின்றார். பிரேக் வேன் அவரைவிட்டு விலகிப் போனது. வலது பக்கம் பச்சையாக ஒரு புள்ளி. அது சின்னதாகிக்கொண்டே போய் வளைவில் திரும்பியது. இதைத்தான் இவள் முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறாள்.

மூன்று சுற்று ஓடி ரயில் நின்றது. "முழுசா வந்துட்டா வே?" என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

"முழுசா வந்துட்டு" என்றார் இனிகோ.

பத்து மணிக்குக் கார் கிளம்பியது. பின்கண்ணாடிக்குள் ஆறுமுகநயினாரின் தலை தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்கள் முன்னால்தான் பார்ப்பார்கள். கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் இனிகோ வாசலிலேயே நின்றார். இசபெல்லாவும் உள்ளே போகவில்லை.

"என் வண்டி போகையிலயும் இப்படித்தான் நின்னுக்கிட்டிருப்பியா?" என்று கேட்டார்.

"சும்மா நின்னா தெருவுல என்ன நெனப்பாங்க? துணி காயப் போட்டுக்கிட்டே பாப்பேன்."

"தொவைச்ச துணி இல்லாத அன்னைக்கு?"

இசபெல்லா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காஞ்சத எடுத்துத் திரும்பவும் காயப் போடுவேன்" என்றாள்.