டேப்பில் விட்ட வால்

பரந்தன் சந்திக் கராஜில் நானும் ஷாமிலும் ஒன்பது வருடமாகக் கார்களுக்கு வயரிங் செய்கிறோம். போன மாதம் நான் வாங்கிய டர்போ காரைத் தேடித் தந்ததும் அவன்தான்.

"வல்லாஹி, இதின்ர இஞ்சினில ஒருத்தரும் கை வைக்கேல்ல, ஜவ்பர்" என்று சத்தியம் பண்ணினான். அவன் சொன்ன பிறகு நான் பொனட்டைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்கவில்லை.

இன்று அதற்கு பூஸ்ட் கன்ட்ரோலர் பூட்டத் தொடங்கினேன். சுவிட்சைப் போட்டால் டர்போ இஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊத, கார் பறக்கும்; நிறுத்தினால் கார் பழையபடி சாதுவாக ஓடும்.

"வயரை இடப்பக்கத்தால எடு மச்சான், நான் ஓட்டை போட்டுத் தாறன்" என்று காலையிலிருந்து ஷாமில் சொல்லிக்கொண்டே இருந்தான். சுவிட்ச் வலப்பக்கம் வர, வயர் எதற்கு இடப்பக்கம் சுற்ற வேண்டும்? ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றினேன்.

இஞ்சின் பக்கத் தகட்டில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் வந்த மூன்று வயர்கள் வெட்டுண்டு தொங்கின. இதே மாதிரிக் கன்ட்ரோலரைப் பூட்டி, இஞ்சினைப் பிழிந்தெடுத்துவிட்டு, விற்கும்முன் கழற்றியிருக்கிறார்கள். எந்த நாய் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே வயர்களை இழுத்தேன்.

சுற்றியிருந்த டேப்பின் நுனி சின்ன வாலாக மடிக்கப்பட்டிருந்தது. பிறகு உரிக்க லேசாக இருக்கும் என்று அப்படி மடிப்பவன், நான் அறிய, ஒருவன்தான்.

ட்ரில்லோடு வந்து நின்றான் ஷாமில்.

"எங்க போடுவம், மச்சான்?"

"அதை வைச்சிட்டு வா. நீ போட்டது இஞ்ச கிடக்கு."