பொருந்தாத சிறுநீரகம்

தன் இடது சிறுநீரகத்தை மனைவிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்ததிலிருந்து எலெக்ட்ரீஷியனின் அலட்டல் தாங்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு என்று தெரிந்த அன்று, "இனிமே என்னை எதிர்த்துப் பேச முடியாது, உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்" என்றார். டயாலிசிஸ் ஊசிக்குக் கை நீட்டியே ஓய்ந்து போயிருந்த அவள், "உள்ள வந்தாவது சும்மா இருங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. அவருடைய வெள்ளை அணுக்களை அவளுடைய ரத்த நீரில் விட்டுப் பார்ப்பார்கள். அணுக்கள் உயிரோடு இருந்தால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம்.

அத்தனையும் செத்துவிட்டன.

"உங்க செல் மேல உங்களுக்கே உரிய அடையாளம் இருக்கும். அதுதான் ஆன்டிஜன்" என்றார் மருத்துவரம்மா. "அதை அடிக்கிற ஆன்டிபாடி இவங்க ரத்தத்துல தயாரா இருக்கு. கிட்னியை வெச்சா டேபிள்லயே கருத்துடும்."

"என்னைப் போய் அவ உடம்பு எதுக்கு அடிக்குது டாக்டர்?"

"அதான் எனக்கும் புரியலை. ஏற்கெனவே பார்த்ததைத்தான் உடம்பு இப்படி அடிக்கும். இவங்களுக்கு ரத்தம் ஏத்தினதே இல்லைன்னீங்க. குழந்தையும் இல்லைன்னீங்க."

இல்லை என்று சொன்னவர் அவர்தான். யார் கேட்டாலும் அதுதான் பதில். அந்தப் பேச்சை எடுத்தால் அவள் நாள்கணக்கில் சோற்றைத் தொடமாட்டாள் என்ற பயத்தில், சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. அந்தப் பொய் இப்போது அவள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்ததே என்று அவருக்கு உறைத்தது. அப்போதும் வாய் திறக்கத் துணிச்சல் வரவில்லை.

அவள்தான் சொன்னாள். "ஒரு பொண்ணு பிறந்தா டாக்டர். அன்னைக்கே போயிட்டா."

மருத்துவரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "குழந்தையில பாதி அப்பா இல்லையா? பிரசவத்துல அதோட ரத்தம் கொஞ்சம் அம்மாகிட்ட கலந்துடும். அந்த அடையாளத்தை உங்க உடம்பு பிடிச்சு வெச்சுக்கிச்சு. ஞாபக செல்னே ஒரு வகை இருக்கு மா. வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்."

அந்தக் குழந்தைக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. பெயர் வைக்கவும் நேரம் கிடைக்கவில்லை. வாங்கி வைத்த சட்டைகளை அவரே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். ஒன்றுமே மிச்சமில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். மருத்துவரம்மா முன்னால் வெட்கத்தை விட்டு அழுதார்.

"வழி இருக்கு, அழாதீங்க. ரத்தத்தை வடிகட்டி ஆன்டிபாடியை எடுப்போம், மருந்தும் கொடுப்போம். மறுபடி சோதனை பண்ணி சரியா வந்தா உங்க கிட்னியையே வைக்கலாம்."

"எல்லாத்தையும் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"முடியாது மா. ஞாபக செல் எங்கயாவது மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி."

பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார்.

"அப்படின்னா சரி டாக்டர்" என்றாள் அவள். "ஆரம்பிங்க."