ஆள் நிற்கும் வயல்

தும்பி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பண்ணையில் களையெடுக்கும் பெண்கள். அவள் ட்ரோன் ஓட்டுகிறவள். பண்ணையில் இரண்டு ட்ரோன்கள் இருந்தன. வயிற்றில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு உறுமலோடு எழும்புவது பெரியது. கேமராவோடு கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு போவது சின்னது. சின்னது மக்காச்சோளத்தின் மேல் வரிவரியாகப் போய்ப் படம் எடுத்து வரும். திரையில் நல்ல பயிர் பச்சையாகத் தெரியும், வாடியது மஞ்சளாகத் தெரியும், படைப்புழு குருத்துக்குள் புகுந்து மென்ற இடம் சிவந்து கிடக்கும். சிவந்த இடத்துக்கு மட்டும் பெரியதைக் கொண்டுபோய்த் தெளித்தால் போதும். முன்பு முதுகில் டேங்கைச் சுமந்து மருந்துப் புகைக்குள்ளேயே நடந்த ஆட்கள் இருமிக்கொண்டே வீடு போவார்கள். அந்த இருமல் இப்போது கேட்பதில்லை. அந்த ஒன்றுக்காகவே தும்பிக்குத் தன் வேலை மேல் கொள்ளைப் பிரியம்.

களையெடுக்கும் கூட்டத்தை நடத்துகிறவள் அவளுடைய அண்ணிதான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருந்ததைவிடச் சாலையில் இருந்ததுதான் அதிகம். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமான அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான் ஒருவருக்கொருவர் துணை. தொல்லையும் அவர்களேதான்.

பூச்சி அதிகம் இல்லாத ஒரு வாரத்தில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் புது வேலை சொன்னார்.

"சின்னதைக் கொஞ்சம் தாழ்வா விடும்மா. பயிரை மட்டும் பார்த்தா போதுமா? உள்ள இருக்கற ஆளையும் பார்க்கணும்ல. யாரு குனிஞ்சு வேலை செய்றா, யாரு உக்காந்து கதை பேசறான்னு எனக்குத் தெரியணும்."

"அது பயிர் பார்க்கற கேமரா சார்."

"எது பயிர், எது ஆளுன்னு கேமராவுக்கா தெரியும்? நீ காட்டறதை அது பிடிக்கும். நீ காட்டு."

தும்பி காட்டினாள். சொன்ன வேலையைச் செய்யத்தானே சம்பளம் என்று நினைத்துக்கொண்டாள். சின்னது தினமும் பெண்களின் தலைக்கு மேல் போய் நின்றது. ஆரம்பத்தில் அவர்கள் நிமிர்ந்து கையசைத்தார்கள். பிறகு நிமிரவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்ற ஒருத்தியை மேனேஜர் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ஒருநாள் பேட்டரிகளைச் சார்ஜில் போட அவள் ஆபீசுக்குள் போனபோது சுவர்த் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வரப்பில் ஏறி, வாய்க்கால் ஓரத்துப் புதரை நோக்கி அவசரமாக நடந்தாள். நடுவில் அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வயலுக்கே வந்துவிட்டாள்.

"பார்த்தியா? மேல கண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எப்படி வேலைக்குத் திரும்பறாளுங்க!" என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

தும்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேட்டரியைச் செருகிவிட்டு வெளியே வந்தாள். ஏதோ உறுத்தியது.

அந்த வாரமே அண்ணி காய்ச்சலில் விழுந்தாள். அதற்கு முன்பிருந்தே ஒரு விஷயத்தைத் தும்பி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். மாலையில் வேலை முடிந்து வந்ததும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டுக்குப் போவாள். நின்ற நிலையில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். வெயில் அதிகம், அதனால்தான் என்று தும்பி நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "நீர்த்தாரையில புண்ணு. தண்ணி குடிக்கறதே இல்லையா? அடக்கி அடக்கி வைக்கறீங்களா?" என்று அதட்டினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்ததும் தும்பி பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி தண்ணி குடிக்கறதில்ல? இப்படி வெயில்ல நின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"குடிச்சா எங்கடி போறது? அந்தப் பண்ணையில எங்களுக்குன்னு ஒரு கதவு இருக்கா? இருந்தது ஒரே ஒரு புதர். அது மேலயும் நீ வந்து நிக்கற."

"நான் அங்க பார்க்கறதுக்காக நிக்கல..."

"நீ பார்க்கலேன்னு எனக்குத் தெரியும். கீழ நிக்கறவளுக்கு அது எப்படித் தெரியும்? எல்லாரும் இப்படித்தான், விடிஞ்சதுலேருந்து வாயைக் கட்டிக்கிட்டு நிக்கறோம். நாத்தனார்க்காரின்னு உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடாம அவங்க வாயை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

தும்பிக்குச் சுருக்கென்றது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பு மேடையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய், சின்னதின் ரிமோட்டை மேனேஜர் மேஜை மேல் வைத்தாள்.

"பயிர் பார்க்கணும்னா எப்ப வேணாலும் பறக்கவிடறேன் சார். ஆளு உள்ள இருக்கறப்ப இது மேல போகாது. அப்புறம், பொம்பளைங்களுக்கு வயல்கிட்ட கதவு வச்ச கக்கூஸ் வேணும்."

மேனேஜர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ யாரு இதையெல்லாம் கேக்க? ட்ரோன் ஓட்டறவதானே?"

"ஆமா. அதான் சொல்றேன், ஓட்ட மாட்டேன்."

"நீ இல்லேன்னா நாட்டுல ஆளே இல்லையா? பெரியதோட ரிமோட்டையும் வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனாள். வாசலில் நின்ற காவலாளி முன்னால் அழக்கூடாது என்ற வீம்பில் தலை நிமிர்ந்தே சாலைக்கு வந்தாள்.

புழுவுக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. அந்த வாரத்திலேயே அது பரவியது. குருத்துக்குள் இறங்கி வளர்ந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. குஞ்சுப் புழுவாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். நகரத்திலிருந்து ஒரு புது ட்ரோன்காரனை வரவழைத்திருக்கிறார்கள், விடிந்ததும் வடக்கு வயலில் மருந்து அடிக்கப்போகிறான் என்று செய்தி வந்தது.

அன்று மாலை பெண்கள் அண்ணியைப் பார்க்க வந்தார்கள். சமையல்கட்டில் இடமில்லாமல் வாசற்படி வரை உட்கார்ந்தார்கள். தும்பி தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளே பேசினாள்.

"ஆளு நிக்கற இடத்துல மருந்து தெளிக்கக் கூடாது. தெளிச்சா அவனோட லைசென்ஸ் போயிடும். வழக்கமா மருந்து அடிக்கற அன்னைக்கு உங்களை வேற வயலுக்கு அனுப்புவாங்கல்ல? நாளைக்குப் போகாதீங்க."

"போகாம?"

"கக்கூஸ் கட்டி, சின்னதை நிறுத்தற வரைக்கும் வடக்கு வயல்ல இறங்கி நில்லுங்க. பரவலா நில்லுங்க."

'வாயாடி' என்று எல்லாரும் கூப்பிடும் பெண் முதலில் கேட்டாள்: "அவன் லைசென்ஸாவது மண்ணாவதுன்னு எங்க தலையில கொட்டிட்டான்னா?"

"முதல்ல என் தலையிலதான் கொட்டுவான். முன்னால நான் நிக்கறேன்."

"உன்னைத்தான் வேலையை விட்டே தொரத்திட்டாங்களே?"

"அதனாலதான் சொல்றேன். இனி என்னை என்ன பண்ண முடியும்?"

வாயாடி சிரித்துவிட்டாள். அதோடு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. கட்டிலில் படுத்திருந்த அண்ணி எழுந்து உட்கார்ந்து, "நானும் வர்றேன்" என்றாள். யார் தடுத்தும் கேட்கவில்லை.

கிழக்கு வெளுக்கும்போதே அவர்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. பனியில் துணி நனைந்து காலோடு ஒட்டியது. தும்பி முதல் வரிசையில் நின்றாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிய புது ட்ரோன்காரன் வரப்பில் பெரியதை விரித்து, டேங்கில் மருந்தை ஊற்றி, நிமிர்ந்து பார்த்தான். வயல் முழுக்கத் தலைகள்.

"ஏய்! யாரு உங்களை இங்க இறங்கச் சொன்னது? அந்தப் பக்கம் போங்க!" மேனேஜர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். தும்பியைப் பார்த்ததும் அவருக்கு முகம் கடுகடுத்தது. "நீயா? உனக்கு இங்க என்ன வேலை?"

"வேலை இல்ல சார். சும்மா நிக்கறேன்."

மேனேஜர் ட்ரோன்காரன் பக்கம் திரும்பினார். "நீ எழுப்பு. சத்தம் கேட்டா தன்னால ஓடுவாளுங்க."

பெரியது எழும்பியது. உறுமிக்கொண்டு வந்து அவர்கள் தலைக்கு மேல் நின்றது. அதன் காற்றில் பயிர் படுத்துப் படுத்து எழுந்தது, தலைத்துணிகள் படபடத்தன, மண் கண்ணில் அடித்தது. அந்த இறக்கைகளின் காற்று எவ்வளவு வேகம் என்று தும்பிக்குக் கணக்கில் தெரியும். அதன் அடியில் நின்று பார்த்தது அன்றுதான். இத்தனை நாள் சின்னதை இப்படித்தானே இவர்கள் தலைமேல் தாங்கினார்கள் என்று நினைத்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். அண்ணி இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, நேராக மேலே பார்த்து நின்றிருந்தாள். ஒருத்திகூட அசையவில்லை.

"தெளி!" என்றார் மேனேஜர்.

ட்ரோன்காரன் ரிமோட்டைப் பார்த்தான், வயலைப் பார்த்தான்.

"தெளிய்யா! நாலு சொட்டுப் பட்டா செத்தா போயிடுவாங்க?"

பெரியது மெல்லப் பின்வாங்கி வரப்பில் வந்து இறங்கியது. ட்ரோன்காரன் கண்ணாடியைக் கழற்றினான். "ஆளு மேல அடிக்க மாட்டேன் சார். வேணும்னா இந்தாங்க ரிமோட்டு, நீங்களே அடிங்க."

மேனேஜர் வாங்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

வெயில் ஏறிய பிறகு முதலாளியம்மாவின் கார் வந்தது. வரப்பில் குடை பிடித்து நின்று, இன்று மருந்து அடிக்காவிட்டால் என்ன ஆகும், பயிர் போனால் யாருக்கும் வேலை இருக்காது என்று நிதானமாகத்தான் பேசினார். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். முதலாளியம்மா குடித்தார். பேச்சு நீண்டது. இன்னொரு செம்பு. வெயிலுக்கு அதுவும் இறங்கியது. பேச்சு இன்னும் நீண்டது. கடைசியில் முதலாளியம்மா காரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். வந்து பேசலாம்."

"எதுக்கும்மா?" என்றாள் அண்ணி.

அவர் குடையை மடக்கினார்.

"போயிட்டு வாங்கம்மா. உங்களுக்குக் கார் இருக்கு, வீட்டுல கதவு இருக்கு. எங்களுக்குப் பொழுது சாயற வரைக்கும் இந்த வயல்தான். ஒரு கதவைத்தான் கேக்கறோம், வேற ஒண்ணும் இல்ல."

முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தும்பியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் காரில் ஏறாமல் மேனேஜரைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. மேனேஜர் தலையாட்டியது மட்டும் தெரிந்தது. மத்தியானமே தகரமும் சட்டமும் ஏற்றிய வண்டி வந்தது. தச்சன் கதவை நிறுத்துகிற வரை பெண்கள் வயலை விட்டு ஏறவில்லை. அவசரத்தில் அவன் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துவிட்டான். "உள்ள இருக்கறவ பூட்டணுமா, வெளிய நிக்கறவ பூட்டணுமா?" என்று வாயாடி கேட்ட கேள்வியில் அவனே சிரித்துக்கொண்டு கழற்றி மாட்டினான். அதன்பின் வயல் காலியானது. காற்று அடங்கிய மாலையில் பெரியது எழும்பி மருந்து அடித்தது. ஆள் இருக்கும்போது சின்னது பறக்காது என்பதையும் முதலாளியம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தும்பியை மட்டும் அவர்கள் திரும்ப எடுக்கவில்லை. பெண்கள் அதற்கும் போய் நிற்கிறோம் என்றார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள். வீட்டில் சில நாள் சும்மா உட்கார்ந்திருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆற்றுக்கு அப்பால் சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு பழைய ட்ரோன் வாங்கினார்கள். ஓட்ட ஆள் இல்லை. அவள் போனாள். அந்த ட்ரோன் அடிக்கடி மக்கர் செய்தது. ஆனாலும் துண்டு துண்டான அந்த நிலங்களில் அவளுக்கு மனசு பிடித்துப்போனது.

ஒருநாள் தக்காளித் தோட்டத்துக்காரர் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அப்படியே கொஞ்சம் வேலிக்கு அந்தப் பக்கம் திருப்பேன். என் பங்காளி என்ன போட்டிருக்கான், எவ்வளவு காய்ச்சிருக்குன்னு ஒரு நடை பார்த்துடலாம்."

"உங்க வேலி வரைக்கும்தான்ணே."

"ஒரு நிமிஷம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

தும்பி ட்ரோனைக் கீழே இறக்கினாள். இறக்கைகள் நின்றதும் பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அவரைப் பார்க்கணும்னா வேலியைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டுப் பேசுங்கண்ணே. பேச மாட்டேன்னா, பார்க்கவும் வேண்டாம்."

அவர் முறைத்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.