கொல்லைக் கதவு வரை

கட்டிலிலிருந்து கொல்லைக் கதவுக்குப் பதினாலு எட்டு. ராஜாங்கம் வலது கையால் கிணற்றுச் சேந்துகயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தரையோடு இழுத்து இழுத்துப் போய்க் கதவைத் தொட்டுவிட்டார். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலருகே இருந்த தூணுக்கும் கதவுக்குமாக அந்தக் கயிற்றைக் கட்டியவள் அவள்தான். போவதில் குறையில்லை. திரும்புவதில்தான் வினை. உடம்பு திரும்பிவிடும், இடது கால் மட்டும் கதவைப் பார்த்தபடியே நின்றுவிடும்.

ஆடியில் கரும்புக்கு மடை திருப்பும்போது பக்கவாதம் வந்து விழுந்த மனுஷர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரே வந்து சொல்லிவிட்டுப் போனது. சறுக்கிய ஆனையைத் தூக்கிக் கொல்லைக்குக் கூட்டிப்போவது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகன் தனசேகரன்தான் தோளில் தாங்கிக் கூட்டிப்போய் வந்தான். புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டவர்களோடு அவனையும் பிடித்துக் கடலூர் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவளுடைய தோள்தான். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கத்து வீட்டு ஆட்கள் தொட வந்தால் ஒன்றுக்கு, இரண்டுக்கு வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைப்பார். அவரைத் தனியே விட முடியாமல், பிள்ளை முகம் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

“இன்னிக்கி மனு போட்டுப் பாக்கலன்னா இனிமே திங்கக்கெழமதாங்க,” என்றாள், கதவைப் பிடித்தபடி நின்றவரிடம்.

“போ. நான்... நடந்துக்கினுதான... கீறேன்.”

“திரும்பும்போது மொள்ள திரும்புங்க. ஒரு அவசரமும் இல்ல.”

“இன்னா புள்ள... எத்தினி வாட்டி... சொல்லுவ.”

கூழும் சொம்பில் தண்ணீரும் கட்டிலருகே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். ஆறரை டவுன் பஸ்ஸை விட்டால் கள்ளக்குறிச்சியில் கடலூர் வண்டி கிடைக்காது. வாசற்படி இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள், உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

நின்றுவிட்டாள். கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை. பயணம் கிளம்பியவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. அதுவும் ஜெயிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகிறவளை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“சொம்பு வுழுந்துடிச்சி,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்த மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து திக்காமல் முழுசாக வந்த முதல் பேச்சு. “நீ போ.”

பித்தளைச் சொம்பு விழுந்தால் கணகணவென்று உருளும், சுவரில் முட்டித்தான் நிற்கும். இது உருளவில்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

“சரிங்க,” என்றாள். கால் எடுக்க வரவில்லை.

பஸ் வந்து நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கண்டக்டர் விசில் அடித்தார். வீட்டுக்குள்ளே தரையில் எதுவோ இழுபடும் சத்தம், நின்று நின்று, கட்டில் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.