இது உங்களுக்குப் போதும்

மோகன்குமார் டிராக்டர் வாங்க வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். புதுச்சத்திரம் நெடுஞ்சாலையோர ஷோரூமில் தனப்பிரியா அப்போதுதான் வண்டிகளின் மேலிருந்த தூசியைத் துடைக்கச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஆளின் நடையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அவளுடைய பெரியப்பா மகன். பதினேழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்.

"நம்ம புள்ள இருக்கற எடத்துலயே வாங்கலாமுன்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சித்தப்பா சௌக்கியமா? இன்னும் கோழிப்பண்ணைக் காவலுக்குத்தான் போறாராட்ட?"

"ஆமாங்கண்ணா."

"டீ கீ ஒண்ணுங் கெடையாதா உங்க கடையில?"

அவளே எழுந்து போய் டீ எடுத்து வந்து வைத்தாள். 

நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே அவர்களுக்கு ஐந்து ஏக்கர் குடும்ப நிலம் இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. தனப்பிரியாவின் அப்பா தங்கசாமி தன் பங்கில் பாக்கு வைத்தார். அப்போது அவளுக்குப் பத்து வயது. ஒன்பதடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டு நிற்க, மறுமுனையிலிருந்து அவர் குச்சி நட்டுக்கொண்டே வருவார். பெரியப்பா இருந்தவரை முறை வைத்துத் தண்ணீர் பாய்ந்தது. அவர் செத்த மாதமே மோகன்குமார் மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். அடுத்து, தோப்புக்குப் போகும் தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தான். மூன்று கோடை தங்கசாமி குடத்தில் தண்ணீர் சுமந்தார். நான்காவது கோடையில் அவன் சொன்ன விலைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு புதுச்சத்திரம் வந்து சேர்ந்தார். பத்திரம் பதிந்த மறுநாள் அதே மோட்டாரில் அந்தத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ந்ததாக ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. மூன்று வருடம் முன்பு அம்மா இறந்தபோதுகூட அவனுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லவில்லை.

"எந்த வண்டி பாக்கறீங்க?" என்று தனப்பிரியா கேட்டாள்.

"பாக்குக்குள்ள ஓட்டோணும். மஞ்சக் காட்டுக்கும் ஆகோணும். ராசிபுரத்துல என்ற மச்சினன் அம்பது எச்பி வெச்சிருக்கறான். வண்டின்னா அப்படி இருக்கோணும்."

அவள் அந்த ஷோரூமில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். ஐந்து ஏக்கர்க்காரர்கள் பலபேர் ஐம்பது எச்பி கேட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்களை இருபத்திநாலுக்கோ இருபத்தேழுக்கோ இறக்கிக் கொண்டுவர அவளுக்கு ஒரு வழி உண்டு. ஆளைப் பற்றிப் பேசவே மாட்டாள். மரத்தைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான் பேசுவாள். 'உங்க மரம் கேக்கறது இதைத்தானுங்க' என்பாள். 'வருசத்துல ரெண்டு நாள் பெரிய வேலைக்கு வாடகை வண்டி கூப்பிட்டுக்கலாமுங்க' என்பாள். 'போதும்' என்ற சொல்லை மட்டும் வாயில் வரவிடமாட்டாள். உனக்கு இது போதும் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு சும்மா போகிற ஆம்பளையை அவள் அந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

மோகன்குமார் டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மூலையில் நின்ற சின்ன வண்டியைக் கையால் காட்டி, பக்கத்தில் விலை கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"உங்களுக்கு இது போதுமுங்கண்ணா."

அவன் முகம் சுருங்கியது. "எனக்கா?"

"அஞ்சு ஏக்கருக்கு எதுக்குங்க பெருசு? அதெல்லாம் நெறையா வெச்சிருக்கறவிய வாங்கறது."

சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மை அவன் நெஞ்சில் எந்த இடத்தில் போய்த் தைக்கிறது என்று தெரிந்தேதான் அவள் சொன்னாள். பக்கத்திலிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். மோகன்குமார் எழுந்து நேராகப் போய் ஐம்பது எச்பி வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

நிலத்தை நேரில் பார்த்து அளந்து, என்ன வண்டி பரிந்துரைத்தோம், வாங்குகிறவர் எதைக் கேட்டார் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் எந்த வண்டியும் வெளியே போகக்கூடாது என்பது முதலாளி அப்துல் சலாம் பாயின் சட்டம். அதனால் சனிக்கிழமை தனப்பிரியா நாமகிரிப்பேட்டைக்குப் போனாள். பதினேழு வருடம் கழித்து அந்தத் தோப்புக்குள் கால் வைத்தாள். கல்லுக்கால்களைப் பிடுங்கியெடுத்துத் தடத்தை அகலப்படுத்தியிருந்தார்கள். மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றன. ஒவ்வொரு வரிசையின் அடியிலும் சொட்டுநீர்க் குழாய் ஓடியது.

மோகன்குமாரின் மனைவி யாழினி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அவளைத் தனப்பிரியா முன்னே பின்னே பார்த்ததில்லை. முறைக்கு நங்கையா, அதாவது அண்ணி. மரத்துக்கு மரம் ஒன்பதடி. வரிசை முடிகிற இடத்தில் வரப்புவரைக்கும் பன்னிரண்டடி. அதற்குமேல் அளக்கவே தேவையில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோட்டையனும் வேலையாட்கள் நாலு பேரும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள்.

"பெரிய வண்டி ஆறடி அகலமுங்க. மரத்தோட பருமன் போக ரெண்டு பக்கமும் ஒண்ணேகாலடி கூட மிஞ்சாது. வேரு அறுந்துபோகும். முடிவுல திருப்பறதுக்கும் எடம் பத்தாது. ஈரத்துல எறக்குனா அந்தக் கனத்துக்கு மண்ணு இறுகிப்போகும்" என்றாள். எல்லாம் சரியாகச் சொன்னாள். கடைசியில் செங்கோட்டையன் பக்கம் திரும்பி, "இந்த அண்ணன் வெச்சிருக்கற மாதிரி சின்னதே போதுமுங்க. அதுன்னா ஓட்டறதுக்கும் சுலபம். பெருசு ஓட்டறதுக்கு நல்லாப் பழகுன ஆளு வேணும்" என்றாள்.

"பதினெட்டு வயசுல இருந்து லாரி ஓட்டுனவன் நானு" என்று மோகன்குமார் கத்தினான். "இவ வந்து எனக்குச் சொல்றா! எங்க, அந்தக் காகிதத்தைக் கொண்டா."

பரிந்துரை என்ற இடத்தில் இருபத்திநாலு என்றும் வாடிக்கையாளர் தேர்வு என்ற இடத்தில் ஐம்பது என்றும் எழுதி நீட்டினாள். அவன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். யாழினி டேப்பைச் சுருட்டிக் கொடுக்கும்போது தனப்பிரியாவின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

ஆவணியில் வண்டி போனது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அட்டையில் செய்த பெரிய சாவியைத் தனப்பிரியாவே அவன் கையில் கொடுத்துப் போட்டோவுக்கு நின்றாள். சிரித்தபடிதான் நின்றாள்.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள் செங்கோட்டையன் அவளுக்குப் போன் செய்தார். அவருடைய வண்டிக்கு ஏதோ உதிரிபாகம் கேட்கத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக விஷயம் வந்தது. ஈரத்தோடு வண்டியை உள்ளே இறக்கிவிட்டானாம். ஆறு வரிசை ஓட்டி முடிப்பதற்குள் குழாயெல்லாம் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டு நார்நாராகப் போயிற்றாம். திருப்புகிற இடத்தில் மரங்களின் அடி உரிந்துவிட்டதாம். வரப்பில் ஏறி வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, ஜேசிபி வந்துதான் எடுத்ததாம்.

"அண்ணா, போட்டோ எடுத்து அனுப்ப முடியுமுங்களா?" என்று கேட்டாள்.

அனுப்பினார். மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிந்த அறுந்த வேர்களைப் பார்த்தாள். சேற்றில் சாய்ந்து கிடந்த புது வண்டியில் இன்னும் மாலையின் நார் தொங்கியதைப் பார்த்தாள். சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்தது. சிறு வயதில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, காய்கிற கன்றுகளை அவள் பார்த்துக்கொண்டிருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து யாரோ இலை போட்டுப் பரிமாறியது போலிருந்தது.

தை மாதத்துக்குள் அந்த ஆறு வரிசையும் மஞ்சளடித்தன. மோகன்குமார் ஷோரூமுக்கு வந்து கூச்சல் போட்டான். அன்றைக்கு அப்துல் சலாம் பாய் வீட்டிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார்.

"ஏமாத்திப்போட்டா பாய்! சொந்தக்காரின்னு நம்பி வந்தேன். தோப்புக்கு ஆகாத வண்டியத் தலையில கட்டிப்போட்டா!"

பாய் அவன் வாங்கிய வண்டியின் கோப்பினை வரவழைத்தார். படிவத்தைப் படித்தார். பிறகு அதைத் திருப்பி அவன் பக்கம் வைத்து, "இது உங்க கையெழுத்துதானுங்களே தம்பி? சின்ன வண்டின்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்குதே" என்றார்.

வண்டி பார்க்க வந்திருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மோகன்குமார் காகிதத்தைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்தன.

"நான் அப்பவே சொன்னனுங்களேண்ணா" என்றாள் தனப்பிரியா. அவன் வாசலைத் தாண்டும்போது இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னாள். "அளந்து பாத்துத்தானுங்களே சொன்னேன்!"

அன்று சாயங்காலம்தான் அப்பாவிடம் சொல்வதென்று முடிவு செய்தாள். அதுவரை சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவை அவர் வைத்த மரங்கள். எவன் பேரில் இருந்தாலும் அவர் தண்ணீர் சுமந்து பிழைக்க வைத்தவை. அதைக் கேட்டு அவர் மனம் உடைந்துபோவார் என்று பயந்தாள். பண்ணைக்குக் கிளம்புவதற்கு முன் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, தான் சொன்ன 'போதும்' உட்பட ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தங்கசாமியின் கை பொத்தானிலேயே நின்றது.

"எத்தனை மரம் கண்ணு?"

"ஆறு வரிசைங்கப்பா. நூத்தி அறுவது இருக்கும்."

"பொழைக்காதா?"

"பொழைக்காதுங்கறாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அழப் போகிறார் என்று நினைத்து அவள் பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம என்னைக் கூட்டிப் போறயா சாமி?" என்று கேட்டார்.

ஸ்கூட்டியில் கூட்டிப் போனாள். ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு வேலியருகே நின்றார்கள். கொண்டைகள் சிறுத்துப் பழுத்த மட்டைகள் தொங்கின. சில மரங்கள் சாய ஆரம்பித்திருந்தன. தங்கசாமி விரலை நீட்டி நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார். எண்ணும்போது அவர் கண்ணில் ஒரு துளி ஈரமில்லை.

"வடக்கால வரிசையெல்லாம் இன்னும் பச்சையாத்தான் இருக்குது" என்றார்.

"அதுக்குள்ள வண்டி போகலைங்கப்பா."

"போக வெக்கறதுக்கு வழியில்லையா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோபம் தன்னுடையதென்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டார், தான் ஒருத்திதான் அவருக்காகச் சுமக்கிறோம் என்று நம்பியிருந்தாள். அவர் எதையுமே விட்டிருக்கவில்லை. பதினேழு வருடமும் கோழிக் கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் நினைத்தது இதைத்தான். தான் வைத்த மரத்தின் மேலே கூட அவருக்குப் பாசம் மிஞ்சவில்லை. திரும்பி வரும்போது ராசிபுரத்தில் நிறுத்தச் சொல்லி, வெகு நாளைக்குப் பிறகு கேட்டு வாங்கிப் பரோட்டா சாப்பிட்டார். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து யாழினி தனியாக ஷோரூமுக்கு வந்தாள். பேருந்தில் வந்திருந்தாள்.

"பெரிய வண்டிய வித்தாச்சு. அவிய இங்க வரமாட்டாங்க. மிச்சம் இருக்கற மரத்தைக் காப்பாத்தோணும். எந்த வண்டின்னு நீ சொல்லு."

தனப்பிரியா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அன்னைக்கு டேப் புடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் யாழினி. "சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்லை. ஆனா அவிய சின்னதை வாங்கிப்போடக் கூடாதுன்னுதான் நீ சொன்னே. அவிய உங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு பொறவு செங்கோட்டையண்ணன் ஊட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உன்மேல எனக்குக் கோவமில்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தத் தோப்புல நானும் பதினஞ்சு வருசம் பாடுபட்டிருக்கறேன்."

"நான் அவரை மன்னிக்கலைங்க நங்கையா."

"அதைக் கேக்கறதுக்கு நான் வரலை. வண்டியத்தான் கேட்டேன்."

நினைத்தால் இப்போதும் செய்யலாம். சக்கரத்தை வெளிப்பக்கமாக மாட்டி, வண்டியை அகலமாக்கிக் கொடுத்தால் போதும். ஐந்தடி ரோட்டவேட்டரைச் சேர்த்து விற்றால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்பா வடக்கு வரிசைகளைக் காட்டி நீட்டிய விரல் அவள் கண்முன் வந்தது.

எழுந்து போய்ச் சின்ன வண்டியின் பக்கத்தில் நின்றாள்.

"இருபத்திநாலு எச்பி. சக்கரத்தை உள்பக்கமா வெச்சா மூணேமுக்கா அடிதான் வரும். ரோட்டவேட்டர் நாலடிக்கு மேல வேண்டாம், யாரு சொன்னாலும் வாங்காதீங்க. மரத்துல இருந்து ரெண்டடி தள்ளியே ஓட்டச் சொல்லுங்க. அடியில இருக்கறதைக் கையில கொத்திக்கோங்க. மழ பேஞ்சா ஒரு வாரத்துக்கு உள்ள எறக்கக் கூடாது. மஞ்சக் காட்டை ஆழமா உழுகறதுக்கு மட்டும் வாடகைக்குப் பெரிய வண்டி கூப்பிட்டுக்குங்க. உங்க தோப்பு கேக்கறது இந்த வண்டியைத்தானுங்க."

யாழினி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் சொன்னதையெல்லாம் இன்னொருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். படிவத்தில் பரிந்துரை, தேர்வு இரண்டு இடத்திலும் ஒரே எண் விழுந்தது.

சாயங்காலம் தங்கசாமி பண்ணைக்குக் கிளம்பும்போது, இப்போதெல்லாம் தினமும் கேட்பது போலவே கேட்டார்.

"தோப்புச் சேதி ஏதாச்சும் உண்டா கண்ணு?"

"ஒண்ணுமில்லைங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தனப்பிரியா அவருடைய சாப்பாட்டுத் தூக்கை மூடினாள்.