விழித்திருந்தவர்

கூலியாள் தொட்டால் மருந்து கலந்துவிடும் என்று, ஒடுகத்தூரில் பஸ் கூரைமேல் இருந்த பையை இறக்க ஆதிநாராயணன் தானே ஏணியில் ஏறினார். தானே தவறவும் விட்டார்.

பை வாய் பிளந்தது. பொட்டலங்கள் நூல் அவிழ்ந்து ரோட்டில் உருண்டன. சிவப்பு நூல் கட்டியதில் தூக்கம் தரும் மலைவேரின் தூள். வெள்ளை நூலில், கசப்புக்கு வேப்பிலை சேர்த்த வெறும் சாமை மாவு. மருந்தியல் விரிவுரையாளர் அல்லவா, எது எது என்று கண்ணாலேயே பார்த்து மறுபடி கட்டிவிட்டார். ஏறக்குறைய சரியாக.

அது எழுபத்தெட்டாம் வருஷம். ஜவ்வாது மலையில் மருந்தைச் சோதிக்க அவர் போன ஊரில் ஒருவருக்கும் தூக்கமில்லை. மேலே பாறை சரிந்ததிலிருந்து ராத்திரியில் கூரைமேல் யாரோ நடப்பதாகச் சொன்னார்கள்.

"எலியா இருக்கும்" என்றார் ஆதிநாராயணன்.

"எலி இருமுமா சார்?" என்று கேட்டான், அவருக்கு வேர் தோண்டிக் கொடுத்த சடையன்.

பாதி வீடுகளுக்குச் சிவப்பு, மீதிக்கு வெள்ளை. யார் தூங்குகிறார்கள் என்று பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டுமே! டார்ச்சும் கையுமாக அவர் விழித்திருந்தார். சிவப்பு தூங்கியது. வெள்ளையும் தூங்கியது. குறட்டையில்கூட வித்தியாசமில்லை.

இரண்டு ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. மூன்றாவது இதழின் ஆசிரியர் கொஞ்சம் இரக்கமுள்ளவர்; ஒரு கேள்வி கேட்டிருந்தார். வெறும் மாவு தின்றவர்களும் அதே மாதிரி தூங்கியிருக்கும்போது, தூங்கவைத்தது மருந்துதான் என்பதற்கு என்ன ஆதாரம்? பதில் இல்லாவிட்டால் கட்டுரை போயிற்று. அதை நம்பியிருந்த பேராசிரியர் பதவியும் போயிற்று. பொட்டலம் விழுந்த கதையை அந்த ஆசிரியருக்கு எப்படி எழுதுவது?

போதாக்குறைக்கு, மலையிலிருந்து இறங்கியது முதல் அவருக்கே தூக்கம் போய்விட்டது. தூக்க மருந்துக்காரருக்குத் தூக்கமில்லை என்றால் கல்லூரியில் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லவில்லை. மொட்டைமாடியில் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் உலாவினார், இருமினார். பாவம், வயதானவர், சர்க்கரை வேறு என்று விட்டுவிட்டார். வீட்டுக்காரர் மகளைப் பார்க்க பம்பாய் போன பிறகும் உலாவல் நிற்கவில்லை. அதைப் பற்றி மட்டும் அவர் விஞ்ஞானமாக யோசிக்கவில்லை.

ஆசிரியரின் கேள்விக்குப் பதில் தேடி மறுபடி மலை ஏறினார். காலைப் பனி இன்னும் கலையவில்லை. ஊர் நாய்கள் அவரைப் பார்த்துக் குரைக்க வாயெடுத்து, அப்படியே பின்வாங்கின.

"தனியாவா வந்தீங்க?" என்றான் சடையன், அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். சாமை அறுப்பு ஆயிடுச்சு." கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த வீட்டிலும் சாமை அறுப்பைப் பற்றித்தான் சொன்னார்கள். அவருடைய கேள்விக்கும் அறுப்புக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் வெள்ளைப் பொட்டலம் வாங்கிய கெங்கம்மாள் வாசலில் முறத்தோடு நின்றாள்.

"மாவு தின்ன நீங்க எப்படிம்மா தூங்கினீங்க? நான்தான் பொட்டலத்தை மாத்திக் கட்டிட்டேனா? யாராவது நேரா ஒரு பதில் சொல்லுங்களேன்."

கெங்கம்மாளுக்கு அவர் கண்ணைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. இரண்டும் சிவந்து குழிவிழுந்து கிடந்தன.

"இன்னா சார் நூலு, பொட்டலம்! எங்கூர்ல மருந்த தனியா குடிக்க மாட்டோம். செவப்பு, வெள்ள எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி காய்ச்சி, ஆளுக்கு ஒரு வாய் குடிச்சோம். பாதி வூடு தூங்கி பாதி வூடு முழிச்சிருந்தா, அது முழிச்சிருக்கிற வூட்டு மேலதான நடக்கும்?"

ஆதிநாராயணனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கட்டிய நூலில் குற்றமில்லை! மருந்தும் வேலை செய்திருக்கிறது! ஆசிரியருக்கு எழுத வேண்டிய பதில் மனதில் ஓட ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

"ஊரே தூங்கிடுச்சே, அப்போ அது எங்கம்மா போச்சு?"

கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒருத்தர்தான் அன்னிக்கு குடிக்கல, சார்."